மண் சுமந்தவர் மேடை

நாடக விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டும் என்று விழாக் குழுத் தம்பிமார் கேட்டார்கள். பொருளை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி எழுதுவதுதான் முறை. ஆனால் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, தூத்துக்குடியில் உப்புக் கணக்கு எழுதிவிட்டு நாடகத்துக்குப் போன அந்த மகானைப் பற்றி முத்தையாபுரத்தாரிடம் விளக்குவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதைதான். வள்ளி திருமணத்தை விடிய விடியப் பார்த்துவிட்டு, அதே கண்ணோடு உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போன ஊர் இது. ஆகவே நம் மேடையில் அதிகம் பேசப்படாத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஊரை இழந்தவர்கள் போடும் நாடகம் அது.

பிட்டும் பிரம்பும்

இதற்கும் நம் சைவ இலக்கியமே வாசல் திறக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலத்தை அறியாதார் இல்லை. வையையில் வெள்ளம். வீட்டுக்கு ஒருவர் வந்து கரையடைக்க வேண்டும் என்பது அரசாணை. ஆள் இல்லாத கிழவி வந்திக்குக் கூலியாளாக வருகிறார் சொக்கநாதர். கூலி, உதிர்ந்த பிட்டு. வந்தவர் வேலை செய்தாரா? பிட்டைத் தின்றார், ஆடினார், பாடினார், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். வந்தியின் பங்குக் கரை மட்டும் அடைபடாமல் கிடந்தது. பாண்டியன் சினந்து பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் மேல் பட்டது. அரசி மேல் பட்டது. அமைச்சர், யானை, குதிரை, கருவில் இருந்த பிள்ளை என்று நிற்பன நடப்பன எல்லாவற்றின் மேலும் பட்டது. மணிவாசகப் பெருமான் இந்தப் புண்பட்ட பொன்மேனியைத் திருவம்மானையில் பாடி உருகுகிறார்.

அடி விழுந்தது ஒரு கூலியாளின் முதுகில். வலித்தது அடித்தவனுக்கும் சேர்த்து. என்னைக் கேட்டால் நாடகத்தின் பயன் இன்னது என்று இதைவிடச் சிறப்பாக எந்த இலக்கண நூலும் சொல்லவில்லை.

இந்தப் படலத்தின் பொருளை ஈழத்தவர் நம்மைவிட ஆழமாக உணர்ந்தார்கள். இலங்கையில் தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் முடிந்து இரண்டாண்டு கழித்து, 1985இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் ‘மண் சுமந்த மேனியர்’ என்ற நாடகத்தைப் போட்டார்கள். எழுதியவர் குழந்தை ம. சண்முகலிங்கம், நெறியாள்கை க. சிதம்பரநாதன். சண்முகலிங்கம் ஐயா 1931இல் பிறந்த ஊரின் பெயரும் திருநெல்வேலிதான்! நம்முடையது அல்ல, யாழ்ப்பாணத்தில் உள்ளது. 1978இலேயே நாடக அரங்கக் கல்லூரி என்று ஒன்றை நிறுவி, நடிப்பை முறையாகக் கற்றுக்கொடுத்தவர். 2025இல் சிவபதம் அடைந்தார்.

அந்த நாடகத்தில் மண் சுமப்பவர் சொக்கநாதர் அல்லர், உழவர். பிரம்பு இருந்த இடத்தில் துப்பாக்கி. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், பயந்து வாய் பொத்தியவர்கள், ஊரைவிட்டுப் போக நினைத்தவர்கள் எல்லாரும் அதில் வருகிறார்கள். பல்கலைக்கழக அரங்கத்தோடு நில்லாமல் அது ஊர் ஊராகப் போயிற்று. பார்த்தவர்கள் சிவபுராணம் கேட்டு வளர்ந்த சனங்கள். தலைப்புக்கு அவர்களுக்கு யாரும் உரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேடையில் அடிபட்டவனைக் கண்டபோது அவரவர் முதுகு அவரவருக்கு நினைவு வந்திருக்கும்.

அழுகையின் நான்கு நிலைக்களன்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கிறார். பிறரால் இகழப்படுவது ஒன்று. உற்றாரையோ உடைமையையோ இழப்பது இரண்டு. வறுமை நான்கு. மூன்றாவதாக அவர் வைக்கும் அசைவுக்குப் பழைய உரையாசிரியரான பேராசிரியர் சொல்லும் உரைதான் நம் பொருளுக்கு உயிர். முன்பு இருந்த நிலைமை கெட்டு, வேறொரு விதமாகி வருந்துவது என்கிறார். அகதி முகாம் என்ற ஒன்றைப் பேராசிரியர் கண்டவர் அல்லர். ஆனாலும், நேற்றுவரை நாலு மாடும் நல்ல தண்ணீர்க் கிணறும் வைத்திருந்தவர் இன்று தகரக் கூரைக்குக் கீழே பதிவுக்கு வரிசையில் நிற்பதை இதைவிடத் துல்லியமாக யார் எழுதிவிட முடியும்?

அதே இயலில் பெருமிதமும் நான்கு காரணத்தால் பிறக்கிறது: கல்வி, தறுகண், புகழ், கொடை. இடம்பெயர்ந்தோர் அரங்கு அழுகையில் தொடங்கிப் பெருமிதத்தில் கால்வைக்க முயல்கிறது என்பது அடியேன் கருத்து. கைப்பொருள் ஒன்றும் இல்லாதவன் தன் கதையை நாலு பேருக்கு நடித்துக் காட்டும்போது, வாங்கும் கை கொடுக்கும் கையாகிறது.

இங்கே திருக்குறளும் நினைவுக்கு வருகிறது. பெருஞ்செல்வம் சேர்வதையும் போவதையும் கூத்துப் பார்க்க வந்த கூட்டத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கூத்து முடிந்தால் கூட்டம் கலையும் என்பது அவர் கண்ட உலகம். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தில் போரால் ஊரே கலைந்தது; இலட்சக்கணக்கானோர் ஓர் இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். கூத்து மட்டும் முடியவில்லை. சண்முகலிங்கம் ஐயாவின் ‘அன்னை இட்ட தீ’ போர் மனத்தில் உண்டாக்கிய காயங்களைப் பேசியது. ‘எந்தையும் தாயும்’ பிள்ளைகள் வெளிநாடு போய்விட, வீட்டில் தனித்துக் கிடக்கும் முதியவர்களைப் பேசியது. பின்னதை நம் ஊரில் போட்டாலும் ஒரு வரி மாற்ற வேண்டியிராது.

வெள்ளைக் கொக்கு

எதிர்ப்பு நாடகம் கடல் கடந்து வந்த சரக்கு என்று எண்ணிவிடக் கூடாது. சுவாமிகளின் வள்ளி திருமணத்தையே வைத்துக்கொண்டு வெள்ளைக்காரனை அலற வைத்தார் தியாகி விஸ்வநாததாஸ். தினைப்புனத்தில் வள்ளி பறவை ஓட்டும் கட்டம் நமக்குப் பாடம். அந்த இடத்தில் மதுரகவி பாஸ்கரதாஸின் கொக்குப் பாட்டு வரும். வெள்ளைக் கொக்கு என்றால் எந்தக் கொக்கு என்று கடைசி வரிசையில் துண்டு விரித்துப் படுத்திருப்பவனுக்கும் தெரியும். பந்தலுக்கு வெளியே போலீஸ் காத்திருக்கும். 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் அவர்கள் கையில். நாவிதர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் உண்டு என்பதைப் பெருமைக்கு நடுவே மறைக்க மாட்டேன். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மயில் மேல் அமர்ந்தபடியே உயிர் பிரிந்தது. அடியார்க்கு வாய்க்காத பேறு!

கிறித்தவ வேத நூலிலும் இப்பொருள் உண்டு. 137ஆம் சங்கீதம் நம் பகுதிக் கிறித்தவ அன்பர்களுக்குப் பாடம். பாபிலோன் ஆற்றங்கரையில் சிறைப்பட்டவர்களிடம், உங்கள் ஊர்ப் பாட்டைப் பாடுங்கள் என்று சிறைபிடித்தவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கின்னரங்களை மரத்தில் மாட்டிவிட்டு அழுகிறார்கள். அங்கே பாடாதிருப்பது எதிர்ப்பு. அச்சங்கீதம் ஏங்கிய அதே நாட்டில், நம் காலத்தில், பாடுவது எதிர்ப்பாயிற்று.

பாலஸ்தீனத்தில் ஜெனின் அகதி முகாம் 1953இல் உண்டானது. அங்கே ஆர்னா மெர் காமிஸ் என்ற யூதப் பெண்மணி பிள்ளைகளுக்குப் படிப்பும் நாடகமும் சொல்லிக்கொடுத்தார். 1993இல் மாற்று நோபல் எனப்படும் விருது அவருக்குக் கிடைத்தது. அவர் தொடங்கிய ‘கல் அரங்கு’ ஒரு முகாம் வீட்டின் மாடியில் இருந்தது. 2002 இஸ்ரேல் படையெடுப்பில் அது இடிந்தது. அங்கே நடித்த சிறுவர்களில் சிலர் பின்னாளில் ஆயுதம் ஏந்தி மாண்டார்கள். மகன் ஜூலியானோ அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் படம் எடுத்தார். 2006இல் அதே முகாமில் ‘விடுதலை அரங்கு’ கண்டார். 2011 ஏப்ரல் 4 அன்று, அரங்கின் அருகிலேயே முகமூடி அணிந்தவன் அவரைச் சுட்டுக் கொன்றான்.

அரங்கு நிற்கவில்லை. தில்லி ஜன நாட்டிய மஞ்ச்சோடு சேர்ந்து 2015–16இல் இந்திய ஊர்களிலும் நாடகம் போட்டார்கள். 1989 புத்தாண்டு நாளில் சாகிபாபாத்தில் வீதி நாடகத்தின் நடுவே தாக்கப்பட்டு இறந்த சப்தர் ஹாஷ்மியின் குழு அது. மூன்று நாள் கழித்து அவர் மனைவி மொலோயஸ்ரீ அதே இடத்தில் அந்த நாடகத்தை நடித்து முடித்தார். 2023 டிசம்பரில் இஸ்ரேல் படை ஜெனின் அரங்கில் புகுந்து பொருள்களைச் சிதைத்து, அதை நடத்துபவர்களைப் பிடித்துச் சென்றது. 2025 ஜனவரியில் முகாம் மக்களே வெளியேற்றப்பட்டார்கள். அகதிகள் மறுபடி அகதிகளானார்கள்.

ஜூலியானோவைக் கொன்றவன் யார் என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. ஆனால் பிரம்பு எப்போதும் அந்நியன் கையில்தான் இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்வது தவறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்ற மாணவியும் கவிஞருமான செல்வி 1991இல் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு உலக எழுத்தாளர் அமைப்பான பென் விருது அறிவித்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. சொந்தப் பாண்டியன் அடித்ததுதான் வையைக்கரைக் கதையும். ஈழத்து அரங்கைப் போற்றும் நம்மவர் பலர் செல்வியின் பெயரை விட்டுவிட்டுப் போற்றுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இனி நம் கடமை. தாளமுத்துநகர், குளத்துள்வாய்ப்பட்டி, தாப்பாத்தி என நம் மாவட்டத்திலேயே ஈழத் தமிழர் முகாம்கள் உள்ளன. 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் சூட்டியது, நல்லது. அங்கே பிறந்து, அப்பா அம்மாவின் ஊரைப் பார்த்திராத பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். அன்பான இளைஞர்களே, விழாவுக்கு இரங்கல் உரை நிகழ்த்தவோ நிவாரணப் பொருள் வாங்கவோ அவர்களை அழைக்க வேண்டாம். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு முழு இரவை அவர்களுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் எதை நடிப்பது என்பதில் நாம் தலையிட வேண்டாம். பந்தலும் மைக் செட்டும் நம் செலவு. முகாமிலிருந்து வெளியே தங்க வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அதற்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கும் வேலையையும் ஊர்ப் பெரியவர்களே ஏற்றுக்கொள்வார்களாக.