பிறைக்குத் தெற்கே ஒரு வயல்மீன்

பிறைப் பகுதியிலிருந்து தைப்பிங் நோக்கிச் செல்லும் இரயில், புக்கிட் மேராவை அடைந்ததும் நீர்ப்பரப்பின் நடுவே ஓடும். அது இயற்கை ஏரியன்று. கிரியான் நெல்வயல்களுக்காகக் குராவ் ஆற்றைத் தடுத்து ஆங்கிலேயர் அமைத்த நீர்த்தேக்கம். 1906இல் நிறைவெய்திய அத்திட்டத்தை நெல்லின் வரலாறாகவே எழுதுவர். மீனுக்கும் அதில் பங்குண்டு.

1920களில் சயாமிலிருந்து 'செப்பாட் சியாம்' என்னும் மீன் இவ்வயல்களுக்கு வந்து சேர்ந்தது. உள்ளங்கையகலம், தட்டையான உடல். காற்றையும் உயிர்க்க வல்லதாதலின் கலங்கிய, ஆழமற்ற நீரிலும் பிழைத்தது. உழவர் வயலின் தாழ்ந்த மூலையில் ஒரு குழி வெட்டினர். பயிர் வளரும் மாதங்களில் மீன் வயலெங்கும் மேய்ந்து பெருகும். அறுவடைக்காக நீரை வடிக்குங்கால் தானே குழியில் வந்து ஒதுங்கும். தீனியிட வேண்டா, வலையோடு அலையவும் வேண்டா. வீட்டுக் குழம்புக்குப் போக எஞ்சியது உப்பிட்டுக் கருவாடாகிச் சந்தைக்குச் சென்றது. குத்தகை உழவனுக்கு அது சிறு வருவாயன்று.

ஒரு போகம் இரு போகமானபின் நீர் நிற்கும் காலம் குறுகிற்று. மீன் பெருக நாளில்லை. எஞ்சியதைப் பூச்சிமருந்து கெடுத்தது. இரண்டாம் போகத்தைப் பழிப்பதற்கில்லை. நாட்டுக்கு அரிசி வேண்டியிருந்தது. ஆயினும் கூடிய நெல்லை எண்ணியவர்கள், குறைந்த மீனையும் எண்ணியிருக்கலாம். நீர்த்தேக்கத்தில் செப்பாட் இன்றும் உண்டு. வயற்குழியில் காண்பது அரிது.