கொடுத்த கைக்கும் தண்டனை உண்டா?



நம் நியூ ஜெர்சியின் டீனெக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட காக்னிசன்ட் நிறுவனம், சென்னை வளாகத்தின் கட்டட அனுமதிக்காகத் தமிழ்நாட்டு அரசு அலுவலர் ஒருவருக்கு ஒப்பந்ததாரர் வழியாக 20 லட்சம் டாலர் கையூட்டு வழங்க ஒப்புக்கொண்டது என்பது அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு. 2019இல் அந்நிறுவனம், குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும், பங்குச் சந்தை ஆணையத்துக்கு இரண்டரைக் கோடி டாலர் செலுத்தியது. முன்னாள் உயர் அலுவலர் இருவர் மீதான வழக்கு விசாரணைக்கு வராமலே 2025 ஏப்ரலில் கைவிடப்பட்டது.

கையூட்டைக் கேட்டவர் அலுவலரே என்றும் குற்றச்சாட்டு கூறியது. ஆயினும் வழக்கு, கொடுத்தவர் மீதே பாய்ந்தது. ஏனெனில் 1977ஆம் ஆண்டின் அமெரிக்க அயல்நாட்டு ஊழல் தடுப்புச் சட்டம், கொடுப்பவரைத் தண்டிக்கவே இயற்றப்பட்டது. வாட்டர்கேட் விசாரணைகளின் தொடர்ச்சியாக, அமெரிக்க நிறுவனங்கள் அயல்நாட்டு அலுவலர்களுக்குப் பணம் வழங்கியது வெளிப்பட்டதே அதன் தோற்றுவாய். வழக்கமான அலுவலை விரைவுபடுத்தக் கொடுக்கும் சிறு தொகைக்கு மட்டும் அது விலக்களிக்கிறது.

இந்தியா வேறு வழியில் தடுமாறியது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் கொடுப்பவரை உடந்தையாளராகக் கருதியது. 1952இல் அதற்கெனத் தனிப் பிரிவே சேர்க்கப்பட்டது. ஆனால் 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், அலுவலர் மீதான வழக்கில் தாம் கொடுத்ததாக வாக்குமூலம் தருபவருக்கு அதன் பொருட்டு வழக்கு வராது என உறுதியளித்தது. கொடுத்தவர் வாய் திறவாவிடில் வாங்கியவர் அகப்படமாட்டார் என்பதே அதன் நியாயம். 2011இல், நடுவண் அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர் கௌசிக் பாசு ஒருபடி மேலே சென்றார். தமக்கு உரிமையானதைப் பெறவே கொடுக்க நேர்ந்தவரைக் குற்றவாளி ஆக்கலாகாது என்றார். பலத்த எதிர்ப்பு எழுந்தது. 2018இன் திருத்தம் அந்தப் பாதுகாப்பையும் நீக்கியது. இப்போது கொடுப்பவருக்கும் ஏழாண்டு வரை சிறை உண்டு. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் முறையிட்டால் மட்டுமே தப்பலாம்.

திருத்தூதர் பணிகள் நூலில், ஆளுநர் பெலிக்ஸ் பவுலிடமிருந்து பணம் கிடைக்குமென எதிர்பார்த்து அவரை அடிக்கடி அழைக்கிறார். பவுல் கொடுக்கவில்லை. ஈராண்டுகள் கடந்து பெலிக்ஸ் பதவி விலகும்போதும் அவர் சிறையிலேயே இருந்தார். அத்தகைய மனத்திடம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கும் வாய்க்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், என் தாயாரின் மறைவுக்குப்பின் வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் நானும் கொடுத்தேன். விமானம் ஏற மூன்று நாள்களே இருந்தன. கேட்ட தொகை டாலர் கணக்கில் எனக்குச் சிறிதாகவே தோன்றியது. எனக்குப் பின்னால் நின்ற மூதாட்டியிடமும் அதே தொகை கேட்கப்பட்டது. அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிச் சென்றார். அந்த முதுகை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே என் விடை இது. தமக்கு உரிமையில்லாததை விலைக்கு வாங்குபவர் தண்டிக்கப்படட்டும். நிறுவனமாயினும் தனியாளாயினும் சரியே. தம் உரிமைக்காகவே நெருக்கப்பட்டவருக்கு, அஞ்சாமல் முறையிடும் வழியைச் சட்டம் அகலத் திறக்கட்டும். ஊர் அலுவலகத்துக்கு மீண்டும் மீண்டும் போக வேண்டிய ஏழைக்கு ஏழு நாள் போதாது. ஆனால் அயல்நாட்டில் வாழும் நாம் அந்த இரண்டாம் வரிசையில் எளிதாக இடம் பிடித்துவிடக் கூடாது. காத்திருக்க நமக்கு வசதி உண்டு. முறையிடக் கல்வி உண்டு. நாம் தயங்காமல் கொடுக்கும் தொகையே, நமக்குப் பின் நிற்பவருக்கு விலையாகிவிடுகிறது.

விடுமுறைக்கு ஊர் செல்வோர், பட்டாவுக்கோ சான்றிதழுக்கோ வரிசையில் நிற்கும்போது, ஒருமுறை பின்னால் திரும்பிப் பாருங்கள்.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை