நூல் காவலரும் நூலகரும்

பூட்டிய அலமாரிகள், சாவிக்கொத்தோடு ஒருவர், சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்கும் மாணவன். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நம் நாட்டுக் கல்லூரி நூல்நிலையங்கள் பெரும்பாலும் இவ்வாறே விளங்கின. அக்காவலரைக் குறை கூறிப் பயனில்லை. கணக்கெடுப்பில் குறையும் நூலுக்கு அவரே பொறுப்பு. பல இடங்களில் அதன் விலை அவர் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. நூல் வெளியே செல்லச் செல்ல அவருக்குத்தான் ஆபத்து. அந்நிலையில் எவர்தாம் அலமாரியைத் திறந்து வைப்பார்?

1924-இல் சென்னைப் பல்கலைக் கழகம் தன் நூல்நிலையத்துக்குத் தலைவராக ஒரு கணித ஆசிரியரை நியமித்தது. அவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் மாணவர் சூழப் பாடம் சொல்லிப் பழகியவருக்கு அந்தத் தனிமை ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. பழைய வேலைக்கே திரும்ப விழைந்தார். முதலில் லண்டன் சென்று பயின்று வரும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அங்கே அவர் கண்டவை மேலான கட்டடங்கள் மட்டுமல்ல. நூல்நிலையம் என்பது ஊர் மக்கள் நாள்தோறும் புழங்கும் இடம் என்பதையும் கண்டார். கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைப் பார்த்ததிலிருந்துதான், சிறு உறுப்புகளைக் கோத்து வகை எண் அமைக்கும் யோசனை அவருக்கு எழுந்ததாம். அது 1933-இல் கோலன் பகுப்பு முறை என்னும் நூலாயிற்று.

அந்தப் பகுப்பு முறையை விட, சென்னையில் அவர் அலமாரிகளைத் திறந்து விட்டதையே யான் பெரிதாகக் கருதுகிறேன். வாசகன் தானே உள்ளே சென்று, தேடிய நூலோடு தேடாத நூலையும் எடுத்துப் பார்க்கலாயினான். 1931-இல் வெளியான நூலக ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. இன்று எளிதாகத் தோன்றும் இவ்வாக்கியம், அன்று சாவிக்கொத்தின் மேல் விழுந்த அடி.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவரிடம் தனி உரிமை உண்டு. 1945-இல் சென்னையை விட்ட அவர் காசி இந்துப் பல்கலைக் கழகத்துக்குச் சென்று, இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாமே வகைப்படுத்தினார் என்பர். 1947-இல் டில்லி சென்றார். நூலகவியலில் முதுகலைப் பட்டத்துக்கும் ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் அங்கு வழி வகுத்தார். 1962-இல் பெங்களூரில் ஆவணவியல் பயிற்சி நிலையம் தோன்ற உழைத்து, 1972-இல் அந்நகரிலேயே மறைந்தார்.

ஆயினும் கல்லூரிகளில் நூலகரின் தகுதி எளிதில் உயரவில்லை. அலுவலக எழுத்தர்களோடு ஒருவராகவே அவர் எண்ணப்பட்டார். 1957-இல் பல்கலைக் கழக மானியக் குழு அரங்கநாதன் தலைமையில் அமைத்த குழு, நூலகருக்கு ஆசிரியரோடு ஒத்த மதிப்பும் ஊதியமும் வேண்டும் என வற்புறுத்தியது. நூல் இழப்பைப் பற்றிய அச்சமும் விதிகளில் மெல்லத்தான் தணிந்தது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, ஓராண்டில் வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து குறைவது இயல்பே; நேர்மையின்மையும் கவனக்குறைவும் அதற்குக் காரணமாக இருத்தல் கூடாது, அவ்வளவே.

இப்பொழுது அலமாரியே இடம் பெயர்ந்துவிட்டது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்வு இதழ்களை 6,300 அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிலையங்களுக்குக் கணினித் திரையில் வழங்குகிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய். சிற்றூர்க் கல்லூரி மாணவனுக்கும் இது கிட்டுவது பெரும் பேறு. ஆனால் எந்த இதழை வாங்குவது என்னும் தேர்வு கல்லூரி நூலகரின் கையை விட்டுப் பெரிதும் நழுவியுள்ளது. விலை கொடுத்து வாங்கிய நூல் அலமாரியில் கிடக்கும். சந்தா முடிந்த பின் பழைய இதழ் திறக்குமா என்பதோ ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. தற்போதைய ஒதுக்கீடு 2027-ஆம் ஆண்டு வரைக்குமே. அவ்வாசகத்தைப் படித்து, அதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்பது இனி நூலகரின் வேலை.