உபயம் தந்தவரும் பதிவு போட்டவரும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் பொதுவெளியில் தன்விளம்பரத்தின் வரலாறு

கோயில் திருவிழாக் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம், முன்னாள் மாணவர் மன்றம், குடியிருப்பாளர் வட்டம் என எந்தப் பெயரில் தொடங்கினாலும், கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப் புலன (வாட்ஸ்அப்) குழுக்கள் சில மாதங்களில் ஒரே முகத்துக்கு வந்துவிடுகின்றன. இரங்கல் செய்திக்கும் இரத்ததான அறிவிப்புக்கும் நடுவே சேலை விற்பனை, காப்புறுதித் திட்டம், வீட்டு முறுக்கு, ஜாதகக் கணிப்பு, மேடைப் பேச்சாளர் ஒருவரின் சொந்தக் காணொளி என்று அடுக்கடுக்காக வந்து விழுகின்றன. சலித்துப்போனவர்கள் இதைக் கைப்பேசி கொண்டுவந்த கேடு என்கிறார்கள். இக்கட்டுரை வேறொரு விளக்கத்தை முன்வைக்கிறது. சமூகத்தின் பொது இடத்தைக் கட்டணம் கொடுக்காமல் தன் பெயருக்கும் தொழிலுக்கும் பயன்படுத்திக்கொள்வது இப்பகுதித் தமிழரிடையே நூறாண்டுக்கும் மேற்பட்ட வழக்கம். அன்று அது பெரிதாக உறுத்தவில்லை. கட்டணத்துக்குப் பதிலாகக் கடமை வாங்கப்பட்டதே அதற்குக் காரணம். பெயரை ஊரறியச் செய்தவர் ஊருக்கு ஏதேனும் செய்தாக வேண்டியிருந்தது. செய்யாதவரிடம் கேட்க ஆளும் இருந்தது. விளம்பர ஆசை அன்றும் இன்றும் ஒன்றுதான். அதற்கு ஈடாக இருந்த கடமை படிப்படியாகக் கழன்று போனதே உண்மையான மாற்றம்.

கோயில்: பெயருக்கு ஈடாக உபயம்

கோலாலம்பூரைக் கிள்ளானின் ஆற்றங்கரையோடு இணைத்த இருப்புப்பாதை 1886இல் திறக்கப்பட்டது. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே பணிமனைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் சூழ்ந்த இடமாக வளர்ந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் அங்கே அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். சொந்த ஊரில் ஒருவரை இன்னார் மகன், இன்ன தெருக்காரர் என்று அடையாளம் காட்டிய ஏற்பாடு எதுவும் இங்கே கூட வரவில்லை. புதிய மண்ணில் ஒருவர் யார், அவரை நம்பலாமா என்பதை ஊர் அறிந்துகொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. 1873இல் தோன்றிய ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலும், கா. தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் 1890களின் தொடக்கத்தில் உருப்பெற்ற பத்துமலை வழிபாடும், ஸ்கோட் சாலையில் இலங்கைத் தமிழர் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயிலும், கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் பக்திக்கு இடமளித்ததோடு இந்தத் தேவையையும் நிறைவேற்றின.

ஒரு திருவிழா அழைப்பிதழை உற்றுப் பார்த்தால் இதன் இலக்கணம் விளங்கும். இடப்பக்கத்தில் நாளும் திதியும், நடுவில் அன்றைய அபிஷேக அலங்கார விவரம், வலப்பக்கத்தில் உபயகாரரின் பெயர். பெயருக்குக் கீழே 'குடும்பத்தினர்' என்றோ, ஒரு மளிகைக் கடையின் அல்லது போக்குவரத்து நிறுவனத்தின் பெயரோ இருக்கும். இது ஐயமற விளம்பரம்தான். அழைப்பிதழ் செல்லும் வீடெல்லாம் அந்தக் கடையின் பெயரும் செல்கிறது. ஆனால் மூன்று வரம்புகளுக்குள் அது நிற்கிறது. பெயர் ஒரு செயலோடு சேர்ந்தே அச்சேறுகிறது. அந்தப் பெயருக்கு ஒரு நாள் மட்டுமே உரியது, மறுநாள் இன்னொருவருடையது. சொன்ன உபயத்தைச் செய்யாவிட்டால் அன்றைய அன்னதானப் பந்தியிலேயே குறை தெரிந்துவிடும். தைப்பூச வெள்ளி ரதம் ஜாலான் துன் எச்.எஸ். லீயிலிருந்து பத்துமலைக்குச் செல்லும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வழியில் எழும் தண்ணீர்ப்பந்தல்களுக்கும் இதே கணக்குதான். பந்தலின் மேலே நிறுவனத்தின் பெயர்ப் பதாகை; கீழே மோரும் பானகமும் நீட்டும் கைகள். பதாகையைப் படிப்பவர் குடித்த மோரையும் சேர்த்தே நினைவில் வைக்கிறார்.

நாளேடு: பெயருக்கு ஈடாக நிகழ்ச்சி

1924இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கி மலாயாவெங்கும் படிக்கப்பட்ட தமிழ் முரசும், பின்னர் வந்த மலேசிய நண்பன், மக்கள் ஓசை ஆகியவையும் இந்த வழக்கத்தை அச்சுக்குக் கொண்டுவந்தன. நாளேட்டில் கட்டண விளம்பரம் என்று தனி இடம் உண்டு. அதற்கு வெளியே, சங்கச் செய்திகள் நிறைந்த பக்கங்களில், கட்டணமற்ற விளம்பரம் தழைத்தது. ஒரு மன்றத்தின் ஆண்டுக்கூட்டம், தமிழ்ப்பள்ளிக்குப் புத்தகப்பை வழங்கும் நிகழ்வு, பெரிய அட்டையில் எழுதிய மாதிரிக் காசோலையை இரு பக்கமும் பிடித்தபடி நிற்கும் படம் ஆகியவை செய்தியாக வெளிவந்தன. படத்தில் நிற்பவர் தொழிலதிபர் என்பதும் அவருடைய நிறுவனத்தின் பெயரும் செய்தியின் முதல் வரியிலேயே இருக்கும். செய்தியாளருக்கு ஒரு நிகழ்ச்சி தேவை. தொழிலதிபருக்கு ஒரு படம் தேவை. பள்ளிக்குப் புத்தகப்பை தேவை. மூவர் தேவையும் நிறைவேறியதால் யாரும் குறை சொல்லவில்லை.

எழுத்தாளர்களின் தன்விளம்பரமும் இதே பாதையில் அமைந்தது. மலேசியத் தமிழ் நூல்களுக்குப் பெரிய பதிப்பகங்களோ பரந்த விற்பனை வலையமைப்போ கிடையாது. எழுதியவரே அச்சிட்டு, எழுதியவரே விற்க வேண்டிய நிலை. அதற்கு ஊர் கண்ட வழி நூல் வெளியீட்டு விழா. மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைமையகத்தின் நேதாஜி மண்டபத்திலோ, துன் சம்பந்தன் மாளிகையின் டான்ஸ்ரீ சோமா அரங்கத்திலோ கூட்டம் கூடும். பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெரிய தொகை தந்து பெறுவார். பிறகு வரிசை. ஒவ்வொருவரும் கடித உறையை நீட்டி, நூலைப் பெற்று, எழுத்தாளரோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உறைக்குள் இருப்பது பெரும்பாலும் நூலின் விலைக்கு மேற்பட்ட தொகை. கல்யாண வீட்டு மொய்யைப் போல, உறையை வாங்கியவர் அடுத்தவர் விழாவுக்குப் போய்த் திருப்பிச் செய்தாக வேண்டும். தன் நூலுக்கு மட்டும் ஊரை அழைத்துவிட்டுப் பிறர் விழாக்களுக்குத் தலைகாட்டாத எழுத்தாளரின் அடுத்த விழாவில் வரிசை குறுகிவிடும். அழைப்பிதழ் கொடுப்பதில் எவருக்கும் தடை இருந்ததில்லை. ஆனால் அழைப்பின் பலன், அவர் முன்பு எத்தனை பேருக்குச் சென்று செய்தார் என்பதைப் பொறுத்தே அமைந்தது.

தெரு: ஈடு எதுவும் இல்லாத விளம்பரம்

கடமையிலிருந்து முற்றிலும் விடுபட்ட இலவச விளம்பரம் கைப்பேசிக்கு முன்பே தெருவில் தோன்றிவிட்டது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் விளக்குக் கம்பங்கள், மின்பெட்டிகள், பேருந்து நிறுத்தங்கள், அஞ்சடித் தூண்கள் மீது 'பின்ஜாமான்' (கடன்) என்ற மலாய்ச் சொல்லும் ஒரு தொலைபேசி எண்ணும் கொண்ட ஒட்டிகள் படிந்துகிடந்ததை இப்பகுதியினர் அனைவரும் அறிவர். வட்டி முதலைகளின் இந்த ஒட்டியைத் திருவிழா அழைப்பிதழோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ஒட்டியில் பெயர் இல்லை, முகவரி இல்லை, செய்த காரியம் எதுவும் இல்லை. எண் மட்டுமே உண்டு. ஊராட்சி மன்றங்கள் அவற்றைச் சுரண்டி எடுக்கப் பொதுப்பணத்தைச் செலவிட்டன. ஆதாயம் ஒட்டியவருக்கு, செலவு ஊருக்கு என்ற இந்த ஏற்பாடு தெருவில் குற்றமாகக் கருதப்பட்டது. திரைக்குள் வந்தபோது அதே ஏற்பாட்டை நாம் உடனே அடையாளம் காணவில்லை.

கைப்பேசி: இரண்டு திருப்பங்கள்

புலனக் குழுக்களின் வரலாற்றில் இரண்டு திருப்பங்கள் இந்த வாதத்துக்கு முக்கியமானவை. முதலாவது அளவு சார்ந்தது. 2016இல் ஒரு குழுவில் அதிகபட்சம் 256 பேர் சேரலாம் என்றிருந்தது. 2022இல் அது முதலில் 512 ஆகவும் ஆண்டின் இறுதியில் 1,024 ஆகவும் உயர்ந்தது. 256 பேர் உள்ள குழுவில் யார் யாருடைய சித்தப்பா என்று ஓரளவாவது தெரியும். ஆயிரம் பேர் உள்ள குழுவில் பெயர் தெரியாத எண்களே மிகுதி. நிர்வாகிக்கே பாதிப் பேரைத் தெரியாத நிலையில் கடமையைக் கேட்பது யார்?

இரண்டாவது திருப்பம் பெருந்தொற்று. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு அக்டோபர் நடுவில் சிலாங்கூரும் கோலாலம்பூரும் மீண்டும் நிபந்தனைக்குட்பட்ட கட்டுப்பாட்டின் கீழ் வந்தன. நவம்பர் 14இல் தீபாவளி. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் தோள் உரசி நடக்கும் தீபாவளிக் கூட்டம் அந்த ஆண்டு இல்லை. 2021 தைப்பூசத்தில் பக்தர் ஊர்வலம் இல்லாமலே ரதம் சென்றது. நூல் வெளியீடும் சங்கக் கூட்டமும் நின்றுபோயின; திருமண மண்டபங்கள் மூடிக்கிடந்தன. வேலையிழந்த குடும்பங்கள் வீட்டு அடுப்பையே தொழிலாக்கிக் குழுக்களில் பதிவிட்டன. ஊரும் மனமுவந்து வாங்கியது. அந்த மாதங்களில் அது உயிர்காத்த வழி. ஆனால் அதே காலத்தில்தான் பெயருக்கு ஈடாகக் கடமை செலுத்தப்பட்ட களங்கள் அனைத்தும் ஒருசேர அடைபட்டிருந்தன. பெறும் வாசல் அகலத் திறந்திருக்க, திருப்பிச் செலுத்தும் வாசல் சாத்தப்பட்டிருந்தது. நெருக்கடிக்காக ஊர் அளித்த சலுகை, நெருக்கடி நீங்கிய பின்னும் வழக்கமாக நிலைத்துவிட்டது. இன்றைய சலிப்பின் வேர் இங்கே இருக்கிறது என்பதே என் கருத்து.

இதன் விளைவு சலிப்போடு முடிவதில்லை. 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் இருந்தும், தோட்டங்களிலும் பணிமனைகளிலும் கூட்டுப் பணம் (சீட்டு) பிடிப்பது தொடர்ந்தது. பிடிப்பவர் பக்கத்து வீட்டில் இருப்பவர், ஓடினால் எங்கே ஓடுவார் என்ற நம்பிக்கைதான் அதைத் தாங்கியது. முகமறியாத பெருங்குழுவுக்கு அது விளம்பரமாக வந்தபோது, பழைய நம்பிக்கையின் தோற்றம் மட்டும் எஞ்சியது; அதைத் தாங்கிய அறிமுகம் இல்லை. கோயில் குழுவில் வந்த செய்தி என்பதாலேயே நம்பிவிடுகிறவர், நூறாண்டுகள் சேர்த்து வைத்த நம்பிக்கையை அறிமுகமில்லாத ஒருவருக்கு அள்ளிக் கொடுக்கிறார்.

மறுப்புகள்

பழைய ஏற்பாடு பணக்காரருக்கும் பதவியில் இருந்தவருக்கும் சாதகமானது. அதை ஏன் போற்ற வேண்டும் என்று கேட்கலாம். இந்த மறுப்பில் பெரும் உண்மை உண்டு. உபயம் செய்ய வசதி வேண்டும்; நாளேட்டில் படம் வர ஆள் தெரிய வேண்டும். சாதியும் கட்சியும் வாயிலில் நின்றன. மேடையில் பெண்களின் பெயர் அரிதாகவே ஒலித்தது. தனியே பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய் பலகாரம் விற்கக் குழுவில் ஒரு பதிவு போடுவது அந்த வாயிலை உடைத்த செயல். அதை மீண்டும் அடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழைய ஏற்பாட்டின் குற்றம், ஈட்டைப் பணமாகவும் செல்வாக்காகவும் மட்டும் எண்ணியதில் இருந்தது; ஈடு கேட்டதில் இல்லை. ஈட்டை உழைப்பாகவும் நேரமாகவும் அறிவாகவும் எண்ணினால் ஏழைக்கும் அது எட்டும். மாணவர் பதிவுக்கு உதவுவது, இரத்ததான முகாமுக்கு ஆள் சேர்ப்பது, தன் தொழில் பற்றிய ஐயங்களுக்கு விற்பனை நோக்கமின்றிப் பதில் சொல்வது ஆகியவை காசில்லாமல் செய்யக்கூடிய உபயங்கள்.

பிடிக்காதவர் ஒலியை அடக்கி வைக்கலாம், குழுவை விட்டு விலகலாம் என்பது இன்னொரு வாதம். இது தனிமனிதத் தொல்லைக்கு மருந்தாகலாம். பொதுச்சொத்தின் சிதைவுக்கு ஆகாது. ஒலியை அடக்கியவருக்கு விளம்பரத்தோடு மரண அறிவிப்பும் கேட்காது. விலகியவர் பள்ளிக் கூட்டச் செய்தியை இழப்பார். உறுப்பினர்களின் கவனம் ஊரின் பொதுச்சொத்து. அதை ஒவ்வொருவரும் தம் வசதிக்குச் செலவழித்தால் அவசரத்தில் யாரையும் எட்ட முடியாது.

அப்படியானால் விளம்பரத்தை முற்றாகத் தடை செய்துவிடலாமே என்பார் சிலர். தடையால் விளம்பரம் ஒழிவதில்லை, வேடம் மாறுகிறது. விற்பனையாளர் காலை வணக்கப் படத்தின் மூலையில் தம் எண்ணைப் பொறிப்பார். பேச்சாளர் தம் காணொளியைத் 'தமிழர் அவசியம் பார்க்க வேண்டியது' என்ற தலைப்பில் அனுப்புவார். பொது வளங்களை மக்களே நெடுங்காலம் காத்துவந்த முறைகளை ஆராய்ந்து 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், இதற்கு வேறு வழி காட்டுகிறார். பயனாளர் யார் என்ற தெளிவு, பயனுக்கும் பங்களிப்புக்கும் பொருத்தம், பயனாளரே சேர்ந்து வகுத்த விதி, மீறலுக்குப் படிப்படியான தண்டனை ஆகியவை உள்ள இடங்களில் பொது வளம் நீடித்தது என்று அவர் கண்டார். திருவிழா அழைப்பிதழ் இவற்றில் பலவற்றை ஏற்கெனவே கொண்டிருந்தது.

முடிவு

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகள் பிறக்கின்றன. குழுவில் விற்பவர் தம் முழுப் பெயரையும் தொழில் நடக்கும் ஊரையும் சொல்ல வேண்டும். எண் மட்டும் தாங்கிய பதிவு கம்பத்து ஒட்டிக்குச் சமம். உபயகாரருக்கு ஒரு நாள் என்பதுபோல விளம்பரத்துக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கலாம். பிறருக்குப் பயன்பட்டவரின் பதிவுக்கு முதலிடம் தரலாம். விதியை நிர்வாகி தனியே வகுக்காமல் உறுப்பினரோடு பேசி வகுத்து, குழுவின் முகப்பில் எழுதிவைக்க வேண்டும். நிர்வாகியின் உறவினருக்கும் அதே விதி பொருந்த வேண்டும். குழு பெருத்துவிட்டால் அதை வட்டார வாரியாகப் பிரிப்பதும் நல்லது; அறிமுகம் இருக்கும் அளவுக்குத்தான் கடமை கேட்க முடியும். இவற்றுள் எதுவும் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. கூலிக்காரராகவும் எழுத்தராகவும் வந்து, பணமும் பதவியும் குறைவாக இருந்த காலத்திலேயே ஒரு பொதுவெளியைக் கட்டிக் காத்தவர்கள் கடைப்பிடித்த முறை இது. தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமை எல்லாருக்கும் கிடைத்திருக்கும் இன்றைக்கு, பெயர் சொன்னவர் ஊருக்கு என்ன செய்தார் என்று கேட்கும் உரிமையையும் எல்லாரும் எடுத்துக்கொள்ள வேண்டும்.