ஹாய் ஜொலி: அரிசோனாப் பாலைவனத்தில் ஒரு ஹாஜியாரின் கபுர்



சில நாட்களாக நம் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றுகிறது. கல்லால் கட்டிய சிறிய பிரமிட், அதன் உச்சியில் ஓர் ஒட்டகம். "அமெரிக்காவின் முதல் முஸ்லிமின் கபுர். அமெரிக்கப் பாலைவனத்துக்கே பாதை போட்டவர்" என்று கீழே ஒரு குறிப்பு. படம் உண்மை. குறிப்பில் பாதி பிழை. பிழையை மட்டும் சொல்லிவிட்டுப் போவதைவிட, அந்தக் கபுர் இருக்கும் ஊரின் கதையையே சொல்லிவிடலாம் என்று எண்ணுகிறோம். கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

ஊரின் பெயர் குவார்ட்ஸ்சைட். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. கலிபோர்னியாவைப் பிரிக்கும் கொலராடோ ஆறு அங்கிருந்து சுமார் 30 கிலோமீற்றர். கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும். 2020 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 2,413 பேர். நம் பக்கத்தில் ஒரு கிராம சேவகர் பிரிவில் இருக்கும் சனம், அவ்வளவுதான்.

ஆனால் குளிர்காலம் வந்தால் அந்த ஊரை அடையாளம் காண முடியாது. கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் பனிக்குத் தப்பி வருபவர்கள் இலட்சக்கணக்கில் வந்து இறங்குகிறார்கள். இவர்களுக்கு அங்கே 'பனிப்பறவைகள்' என்று பெயர். பெரும்பாலும் ஆர்.வி. என்று சொல்லும் வீட்டு வண்டிகளில்தான் வருவார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். நம் பஸ் அளவுக்குப் பெரியதும் உண்டு. காரின் பின்னால் கொளுவி இழுக்கும் கரவனும் உண்டு. பழைய வேனுக்குள் ஒரு மெத்தையைப் போட்டு வருபவர்களும் உண்டு. 1967இல் ஊரார் தொடங்கிய கல், கனிமக் கண்காட்சியும், ஜனவரியில் பெரிய கூடாரத்தில் நடக்கும் வீட்டு வண்டிக் கண்காட்சியும் இந்தக் கூட்டத்தை இன்னும் பெருக்கின.

இத்தனை பேர் எங்கே தங்குகிறார்கள்? ஊரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் காணி. அதைக் காணி முகாமைத்துவப் பணியகம் பார்த்துக்கொள்கிறது. சாதாரண அரசகாணியில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். பிறகு இடம் மாற வேண்டும். அதற்கு மேல் தங்க விரும்புபவர்களுக்காக 1983இல் ஊரின் தெற்கே லா போசா என்ற பகுதியை ஒதுக்கினார்கள். 11,000 ஏக்கருக்கும் மேல். செப்டெம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்குவதற்கான அனுமதிக் கட்டணம் நீண்ட காலமாக 180 டொலராக இருந்தது. தண்ணீர் பிடிக்க ஓர் இடம், கழிவைக் கொட்ட ஓர் இடம், குப்பைக்கு ஓர் இடம். வண்டிக்கு மின்சாரமோ தண்ணீர்க் குழாயோ வராது. கூரையில் சூரியத் தகடு, வண்டிக்குள் தாங்கி, அதை வைத்துச் சமாளிக்க வேண்டும். வண்டியில் கழிப்பறை இல்லாதவர்கள் பொதுக் கழிப்பறைக்கு அண்மையில்தான் நிறுத்தலாம்.

(இவர்களெல்லாம் முஸாபிர்களா, கஸ்ர் தொழலாமா என்று யாராவது கேட்பீர்கள். நம் ஷாபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள் தங்கும் நிய்யத் வைத்தாலே சலுகை போய்விடும். ஏழு மாதம் தங்குபவர் ஊர்க்காரர்தான்.)

வந்து தங்கிவிட்டுப் போகிறவர்களால்தான் அந்த இடம் தொடக்கத்திலிருந்தே பிழைத்திருக்கிறது. முதலில் அங்கே இருந்தது ஒரு கிணறு. சார்ள்ஸ் டைசன் என்பவரின் பெயரால் அது டைசன்ஸ் வெல்ஸ் எனப்பட்டது. 1862இல் கொலராடோ ஆற்றின் அருகே லா பாஸ் என்ற இடத்தில் தங்கம் கிடைத்தது. ஆற்றங்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போன குதிரை வண்டிகள் இந்தக் கிணற்றில் நின்று தண்ணீர் பிடித்தன. 1870களில் அவ்வழியே போன ஓர் இராணுவ அதிகாரியின் மனைவி மார்த்தா சமர்ஹேஸ், பின்னர் 1908இல் வெளியிட்ட தன் நூலில் அந்தத் தங்குமிடத்தை மிகவும் அருவருப்போடு எழுதினார். ரயில் பாதைகளோ ஊருக்கு வடக்கேயும் தெற்கேயும் ஆற்றைக் கடந்து போய்விட்டன. வண்டிகள் நின்றன, ஊர் வெறிச்சோடியது. 1890களில் சுரங்க வேலை மறுபடி கொஞ்சம் தலையெடுத்தபோது தபாற்கந்தோர் ஒன்று வந்தது. குவார்ட்ஸ்சைட் என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

இந்த ஊரில்தான் நம் படத்தில் இருக்கும் மனிதர் 1902 டிசம்பர் 16ஆம் திகதி வஃபாத் ஆனார். அவர் எப்படி அங்கே வந்தார் என்பதற்கு ஒட்டகக் கதையைச் சொல்ல வேண்டும்.

மெக்சிகோவோடு நடந்த யுத்தத்தின் பின் 1848இல் அமெரிக்காவுக்குத் தென்மேற்கில் பெரும் பாலைநிலம் கிடைத்தது. அங்குள்ள கோட்டைகளுக்குச் சாமான் கொண்டுபோவது பெரிய தலைவலி. கோவேறு கழுதைகள் தாகத்தில் செத்தன. அப்போது யுத்தச் செயலாளராக இருந்தவர் ஜெபர்சன் டேவிஸ். அவர் ஒட்டகங்களை வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். 1855 மார்ச்சில் கொங்கிரஸ் 30,000 டொலர் ஒதுக்கியது. மேஜர் ஹென்றி வெய்னும் கடற்படை அதிகாரி டேவிட் போர்ட்டரும் 'சப்ளை' என்ற கப்பலில் தூனிஸ், எகிப்து, இஸ்மிர் என்று துறைமுகம் துறைமுகமாகப் போய் ஒட்டகம் வாங்கினார்கள். 1856 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் இந்தியனோலா துறைமுகத்தில் 34 ஒட்டகங்கள் இறங்கின. அடுத்த ஆண்டு இன்னும் 41 வந்தன.

ஒட்டகத்தை வாங்கினால் போதுமா? அதைப் படுக்க வைக்கவும், சேணம் கட்டவும், சொறி வந்தால் மருந்து போடவும் தெரிந்த ஆள் வேண்டுமே. ஆகவே ஒட்டகங்களோடு ஒட்டகக்காரர்களையும் கூலிக்குப் பிடித்து வந்தார்கள். ஒட்டோமன் ஆட்சியின் கீழிருந்த நாடுகளின் ஆட்கள். அவர்களில் ஒருவர்தான் ஹாஜி அலி. அமெரிக்கச் சிப்பாய்களின் வாயில் 'ஹாஜி அலி' நுழையவில்லை. 'ஹாய் ஜொலி' என்றார்கள். அதுவே நிலைத்தது. கல்லிலும் அப்படித்தான் வெட்டியிருக்கிறார்கள். நாம் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. போர்த்துக்கேயர் வட ஆபிரிக்க முஸ்லிம்களுக்கு வைத்திருந்த பெயரை நம் முன்னோர் மீது ஒட்டிவிட்டுப் போனார்கள். இன்றுவரை பிறப்புச் சான்றிதழில் 'இலங்கைச் சோனகர்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'மூர்' என்றுதான் இருக்கிறது.

ஒட்டகங்கள் வேலையைச் சரியாகவே செய்தன. இந்தியனோலாவில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முன் மேஜர் வெய்ன் ஓர் ஒட்டகத்தைப் படுக்க வைத்து, 1,200 இறாத்தலுக்கும் மேலான வைக்கோல் பொதிகளை ஏற்றினார். அது எழும்பி நடந்தது. 1857இல் எட்வர்ட் பீல் என்பவர் 25 ஒட்டகங்களோடு நியூ மெக்சிகோவிலிருந்து கொலராடோ ஆறு வரை ஒரு வண்டிப் பாதைக்கு அளவெடுக்கப் போனார். ஹாஜி அலியும் அந்தப் பயணத்தில் இருந்தார். கோவேறு கழுதைகள் முகர்ந்தும் பார்க்காத முட்செடியை ஒட்டகங்கள் தின்றன. ஒட்டகம் நீந்தாது என்று பயந்திருந்த பீல், அவை ஆற்றை நீந்திக் கடந்ததைக் கண்டு வியந்தார்.

பிறகு ஏன் தோற்றது? ஒட்டகத்தின் வாடைக்குக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் மிரண்டன. சிப்பாய்களுக்கும் அதைப் பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக 1861இல் உள்நாட்டு யுத்தம் வெடித்தது. ஒட்டகத் திட்டத்தின் தந்தையான அதே ஜெபர்சன் டேவிஸ் பிரிந்துபோன தென் மாநிலங்களின் ஜனாதிபதியானார். அவருடைய ஒட்டகத்தை வாஷிங்டனில் யார் பார்ப்பார்கள்? 1864இல் கலிபோர்னியாவிலும் 1866இல் டெக்சாஸிலும் ஏலத்தில் விற்றுத் தள்ளினார்கள். ஹாஜி அலி சில ஒட்டகங்களை வைத்து ஆற்றங்கரைக்கும் சுரங்கங்களுக்கும் இடையே சாமான் ஏற்றிப் பார்த்தார். அதுவும் ஓடவில்லை. கடைசியில் அவற்றைப் பாலைவனத்தில் அவிழ்த்துவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே காட்டு ஒட்டகங்களைக் கண்டதாகச் சனங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அந்த வட்ஸ்அப் குறிப்புக்கு வருவோம்.

'முதல் முஸ்லிம்' என்பது பிழை. அவருக்கு முன்பே ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் அந்த மண்ணில் வாழ்ந்து மடிந்தார்கள். கரோலினாவில் அடிமையாக இருந்த உமர் இப்னு ஸெய்யித் 1831இல் தன் வாழ்க்கையை அரபியில் எழுதி வைத்தார். அதற்கும் முன்னால், 1539இல், மொரோக்கோவின் அஸம்மூர் ஊரில் பிறந்த எஸ்தெவானிக்கோ என்ற அடிமை ஸ்பானியர்களுக்கு வழிகாட்டியாக அரிசோனாப் பக்கமாகவே நடந்து போனார். சங்கிலியோடு வந்தவர்களை மறந்துவிட்டுச் சம்பளத்துக்கு வந்தவரை முதலாமவர் என்பது அநியாயம்.

'பாதை போட்டவர்' என்பதும் மிகை. பீலின் பாதையில் அவர் வேலை செய்தார், உண்மை. அந்தப் பாதை குவார்ட்ஸ்சைட்டுக்கு வெகு வடக்கே போகிறது. அதைவிட முக்கியமானது, அது யாருடைய நிலத்தினூடாகப் போனது என்பது. கொலராடோ ஆற்றங்கரை மொஹாவி மக்களின் ஊர். 1858இல் அந்தப் பாதையால் குடியேற வந்தவர்களை அவர்கள் தாக்கினார்கள். அடுத்த ஆண்டே இராணுவம் வந்து அங்கே கோட்டை கட்டியது. 1865இல் குவார்ட்ஸ்சைட்டுக்கு வடமேற்கே ஆற்றோரமாக ஓர் ஒதுக்குக் காணியைக் காட்டி, இனி இதுதான் உங்கள் இடம் என்றார்கள். ஒட்டகத்தில் பெருமைப்படும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காணி பறிபோவது என்றால் என்ன, ஊரைவிட்டு எழும்புவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அவருடைய மார்க்கம்? அவர் 1828 அளவில் பிறந்தவர். தந்தை சிரியர், தாய் கிரேக்கர் என்று சொல்லப்படுகிறது. இஸ்லாத்துக்கு வந்து, ஹஜ் செய்து, ஹாஜி அலி ஆனார். 1880இல் அமெரிக்கப் பிரஜையானபோது பதிவில் இருப்பது பிலிப் டெட்ரோ என்ற பெயர். அதே ஆண்டு டூசன் நகரில் கெர்ட்ரூடிஸ் செர்னா என்ற பெண்ணை மணந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். பெயரை வைத்து அவரை நம் பக்கம் இழுப்பவர்களும் உண்டு, இன்னொரு பெயரை வைத்துத் தள்ளுபவர்களும் உண்டு. உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ் அறிவான். வரலாறு படிப்பிப்பவர்களான நாம் இரண்டு பெயரையும் எழுதி வைத்தால் போதும்.

நம் மனதை உறுத்துவது வேறொன்று. இராணுவத்துக்கு ஒட்டகம் ஓட்டினார், பொதி சுமத்தினார், வழிகாட்டியாகப் போனார். எல்லாம் கூலிக்கு. முப்பது ஆண்டுக்கு மேல் அரசுக்கு விசுவாசமாக உதவியவர் என்று அவருடைய கபுரில் உள்ள பலகையே சொல்கிறது. ஆனால் அவருக்கு ஓய்வூதியம் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் தங்கம் தேடிக் கல்லைக் கிளறிக்கொண்டு குவார்ட்ஸ்சைட்டில் வறுமையில் காலம் கழித்தார். வஃபாத் ஆகி 33 வருடம் கழித்து, 1935இல், மாநிலத்தின் நெடுஞ்சாலைத் திணைக்களம் கல்லாகிப்போன மரத்துண்டுகளையும் அந்த ஊர்க் கற்களையும் வைத்து பிரமிட் கட்டி, மேலே உலோக ஒட்டகத்தை வைத்தது. ஆளுநரே வந்து திறந்தார். கூலியாளின் வியர்வை பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் மனப்பாடம். இங்கே வியர்வை மட்டுமல்ல, ஆளே மண்ணாகிப் போயிருந்தார்.

அந்தப் பலகையில் அவரது கபுரை 'கடைசி முகாம்' என்று எழுதியிருக்கிறார்கள். இன்று அதைச் சுற்றி முகாம் போடுபவர்களில் வசதியானவர்கள் நிறைய. இலட்சம் டொலருக்கும் மேல் விலை போகும் வண்டிகளும் வரும். ஆனால் 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு இன்னொரு கூட்டமும் வரத் தொடங்கியது. வீட்டுக் கடன் கட்ட முடியாமல் வீட்டை இழந்தவர்கள், முதியோர் கொடுப்பனவு வாடகைக்கே போதாதவர்கள். அறுபது, எழுபது வயதில் வேனில் குடியிருந்து, வருடத்தில் சில மாதம் பொருட்கிடங்குகளிலும் கரும்பீட் அறுவடையிலும் வேலை செய்து, குளிர்காலத்தில் குவார்ட்ஸ்சைட்டில் வந்து நிற்பவர்கள். ஜெசிக்கா ப்ரூடர் என்ற பத்திரிகையாளர் இவர்களோடு பயணம் செய்து 2017இல் 'நோமட்லாண்ட்' என்ற நூலை எழுதினார். அது படமாகி 2021இல் ஒஸ்கார் பெற்றது. வேனில் வாழ்வது எப்படி என்று புதிதாக வருபவர்களுக்குப் பொப் வெல்ஸ் என்பவர் அந்தப் பாலைவனத்திலேயே வருடாவருடம் இலவசமாக ஒன்றுகூடல் நடத்திப் படிப்பித்தார். டயர் மாற்றுவது, வாளியைக் கழிப்பறையாக்குவது, பொலிஸ் தட்டாத இடத்தில் இரவு நிறுத்துவது. உலகின் பணக்கார நாட்டில் பாட்டிமார் இதைக் குறிப்பெடுத்துக் கற்கிறார்கள்.

ஓய்வூதியம் கிடைக்காத ஒட்டகக்காரரின் கபுருக்குப் பக்கத்தில், ஓய்வூதியம் போதாதவர்கள் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகள், உறவுகள் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். பீனிக்ஸிலிருந்து 10ஆம் இலக்க நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் இரண்டு மணித்தியாலம். ஊரின் பிரதான வீதியின் மேற்கு முனையில் மையவாடி இருக்கிறது. அதற்கே ஹாய் ஜொலி மையவாடி என்றுதான் பெயர். கோடையில் போக வேண்டாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம், இரவில் குளிரும். போவதென்றால் தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள், ஒரு படம் எடுத்து நமக்கும் அனுப்புங்கள். அங்கே நின்று துஆ ஓதலாமா என்று நம்மிடம் கேட்க வேண்டாம், உங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேளுங்கள்.