சொறிநாயும் கோர்சிகா மாணவரும்

வடக்கு ஆண்டார் வீதியில் முடி கொட்டி, தோல் தடித்து ஒரு நாய் அலைந்தால் பலர் கல்லெறிவார்கள். இரக்கப்படுகிறவர் மெக்கானிக் ஷெட்டிலிருந்து கழிவு ஆயில் வாங்கி வந்து ஊற்றுவார். நாய் அதை நக்கும். அது விஷம்.

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். எனக்குச் சொறியின் கதை பாரீஸில்தான் சூடுபிடிக்கிறது. தோலுக்குள் வளை தோண்டும் ஒரு நுண்பூச்சிதான் காரணம் என்று 1687-லேயே இத்தாலியில் பொனோமோ எழுதிவிட்டார். டாக்டர்கள் நம்பவில்லை. 1812-ல் கலேஸ் என்பவர் பாரீஸில் காட்டியது சீஸில் வளரும் பூச்சி என்று பிறகு தெரிந்ததும் மானம் போயிற்று. 1834-ல் ரெனூச்சி என்ற கோர்சிகா மாணவர் சேன் லூயி ஆஸ்பத்திரியில் ஊசிமுனையால் அசல் பூச்சியை எடுத்துக் காட்டினார். வித்தை கற்றது எங்கே? ஊர்ப் பெண்கள் அப்படி எடுப்பதைப் பார்த்துத்தான்!

நம் பாட்டிமார் மட்டும் சளைத்தவர்களா? கந்தகம் அந்தப் பூச்சியைக் கொல்லும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துச் சொறி கண்ட 814 மனிதர்களுக்குப் பூசியதில் 97 சதவீதம் பேர் குணமானதாக 1992-ல் ஓர் ஆய்வு வந்தது. நாய்க்குப் பூசினால் நக்கிவிடும், அதுதான் சிக்கல்.

1981-ல் கால்நடைகளுக்கென்று வந்த ஐவர்மெக்டின் ஜப்பான் மண்ணில் ஓமுரா கண்ட நுண்ணுயிரிலிருந்து பிறந்தது. அவருக்கும் காம்ப்பெல்லுக்கும் 2015-ல் நோபல் பரிசு. கோலி இன நாய்களுக்கு அது ஆபத்து, ஆகவே அளவைக் கால்நடை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பூச்சி செத்தாலும் முட்டை சாகாது; இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். முடி முளைக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள்.