படிகளும் பாதையும்

உறுதிப்பூசுதல் நாளன்று ஆலயத்தின் முன்வரிசைகளை நிரப்பும் நம் இளையோரை, அடுத்த ஆண்டிலேயே நாம் தேட வேண்டியிருக்கிறது. மறைக்கல்வி வகுப்புகளைப் படிப்படியாக ஏறி வந்தவர்கள், இறுதிப் படியில் விடைபெற்றுச் செல்வது ஏன்? சாரணர் இயக்க வரலாறு இவ்வினாவுக்கு ஓரளவு ஒளி தருகிறது.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கொண்டு பேடன்-பவல் முதல் பாசறையை நடத்தினார். செல்வர் பிள்ளைகளும் தொழிலாளர் பிள்ளைகளும் நான்கு அணிகளாகக் கலந்து வாழ்ந்தனர். அந்த அணி வாழ்வே இயக்கத்தின் வித்து.

1910-இல் அமெரிக்காவில் வேரூன்றிய இயக்கம், டெண்டர்ஃபுட், இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்ற படிகளை வகுத்து, அவற்றுக்கெல்லாம் மேலாகக் 'கழுகு' நிலையை வைத்தது. 1912-இல் ஆர்தர் எல்ட்ரெட் முதல் கழுகுச் சாரணரானார். தீ மூட்டுதல், நீந்துதல், முதலுதவி, வரைபடம் பார்த்து வழி காணுதல் ஆகியவற்றைச் செய்து காட்டியே சிறுவர் படியேறினர்.

1972-இல் அங்கு பெரும் மாற்றம் வந்தது. நகரச் சிறுவரை ஈர்க்கும் நல்லெண்ணத்தோடு காட்டுக் கலைகளுக்குரிய இடம் சுருக்கப்பட்டது. கழுகு நிலைக்குப் பாசறைப் பதக்கம் கட்டாயம் என்ற விதியும் நீங்கியது. ஆயினும் அப்பத்தாண்டில் உறுப்பினர் தொகை பெரிதும் சரிந்தது. சிறுவர் எண்ணிக்கை குறைந்ததும், காலத்தின் மனநிலையும் இதற்குக் காரணங்களே. எனினும் திறந்தவெளியை இழந்த இயக்கம் தன் உயிரையும் இழந்ததாகப் பலர் உணர்ந்தனர்.

அவர்களுள் ஒருவர் டென்மார்க்கில் 1900-இல் பிறந்த வில்லியம் ஹில்கோர்ட். 1965-இல் ஓய்வுபெற்றிருந்த அவர், முதிய வயதில் தாமே முன்வந்து சாரணர் கையேட்டைப் புதிதாக எழுதினார். 1979-இல் வெளிவந்த அந்நூல் பாசறையையும் அணி வாழ்வையும் மீண்டும் நடுவில் நிறுத்தியது.

1980-களின் இறுதியில் மற்றொரு கொள்கை வலியுறுத்தப்பட்டது. சேர்ந்த முதல் ஆண்டுக்குள் முதல் வகுப்பை எட்டும் சிறுவர் இயக்கத்தில் நீடிப்பர் என்பதே அது. இதைச் சிலர் பதக்கங்களை விரைந்து வழங்கும் ஆணையாகவே கொண்டனர். இங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டும். அடிக்கடி பாசறைக்குச் செல்லும் படையில் திறமைகள் தாமாக வளர்கின்றன; நட்பும் வளர்கிறது. சிறுவனைத் தங்க வைப்பது அந்த வாழ்வே; பதக்கம் அதன் அடையாளம். வாழ்வின்றி அடையாளத்தை மட்டும் வழங்கினால், பெற்றவன் அதை அணிந்துகொண்டு வெளியேறுகிறான்.

அருட்சாதனம் பதக்கமன்று, அது இறைவனின் கொடை. ஆனால் நாம் அதனைப் படிப்பு முடிந்ததற்கான சான்றிதழ்போல் நடத்திவிடுகிறோமோ? வினா-விடைகளை மனப்பாடம் செய்வித்து விழாவும் எடுத்துவிடுகிறோம். மறுவாரம் அவ்விளைஞனை அழைத்துச் செல்ல நம்மிடம் எந்த அணி இருக்கிறது? நோயாளியைச் சந்திக்கவோ, ஏழைச் சிறுவருக்குப் பாடம் சொல்லவோ அவனோடு நடந்து செல்பவர் யார்?

எம்மாவு வழியில் சீடர்களோடு நடந்த பின்னரே ஆண்டவர் அப்பம் பிட்டார். படிகளை அமைக்க நாம் நன்கு அறிந்திருக்கிறோம். அவற்றுக்கு அப்பால் உடன் நடக்கவும் கற்றுக்கொள்வோம்.